என் வீட்டுக்காரருக்கு ஒரு பிஸ்டல்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் மூன்று டேனிஷ் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார்கள். ஒருத்தி தன் பங்குச் சொக்கலேற்றையே என் பக்கம் தள்ளி வைத்தாள். டேனிஷ்காரர் தங்கள் சொக்கலேற்றைத் தருகிறார்கள் என்றால் நிலைமை பாரதூரம் என்று அர்த்தம்.

நான் சொன்னது இவ்வளவுதான். "என் கணவர் படுக்கையறையில் ஒரு வென்ஸ்கேப் வைக்கப் போகிறாராம். சாவி தன்னிடம் மட்டும்தான் இருக்குமாம். நான் கிட்டவே போகக் கூடாதாம். எனக்கு விருப்பமில்லை. ஆனால் மனுசன் மூன்று வருடமாக ஆசைப்படுகிறார்... என்ன செய்வது?"

இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

இருக்கிறது. டேனிஷ் மொழியில் 'வோபன்ஸ்கேப்' என்றால் ஆயுதம் வைத்துப் பூட்டுகிற இரும்பு அலமாரி. 'வென்ஸ்கேப்' என்றால் சிநேகிதம். டேனிஷ்காரர் எந்தச் சொல்லையும் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விடுவார்கள். நான் இந்தப் பிரெடெரிசியா நகரத்துக்கு வந்து இருபத்தெட்டு வருடம். எதை விழுங்குவது, எதை விடுவது என்று இன்னும் பிடிபடவில்லை. அன்றைக்கு விழுங்கக் கூடாததை விழுங்கிவிட்டேன்.

ஆக, அவர்கள் காதில் விழுந்தது என்ன? புருஷன் படுக்கையறைக்குள்ளேயே ஒரு சிநேகிதம் வைக்கப் போகிறான். மூன்று வருடமாக ஆசை. பெண்சாதி கிட்டவும் போகக் கூடாது.

லோனெ என்று ஒருத்தி, பதினொரு வருடமாக என்னோடு ஒரே ஷிஃப்டில் நிற்பவள். என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் கேட்டாள். "யார் அவள்?"

"அவள் இல்லை, அது. பிஸ்டல்" என்றேன்.

மூன்று பேருடைய கரண்டியும் ஒன்றாகக் கீழே இறங்கியது. நீங்களே யோசித்துப் பாருங்கள் — புருஷன், படுக்கையறை, அவன் கையில் மட்டும் சாவி, இப்போது பிஸ்டல்! ஒருத்தி போனை எடுத்தே விட்டாள். நான் பதறிப்போய், "ஸ்குத்தெஃபொரேனிங்! ஸ்குத்தெஃபொரேனிங்!" என்று கத்தினேன். அதாவது, சூட்டுக் கழகம். கடதாசியில் வட்டம் கீறி அதைச் சுடுகிற கழகம்.

"நோஓஓ..." என்று மூன்று பேரும் ஒன்றாக இழுத்தார்கள். அது 'இல்லை' என்கிற நோ அல்ல. 'அட, அதுவா' என்கிற டேனிஷ் நோ. முகமெல்லாம் வெளித்துவிட்டது. லோனெயின் அப்பா ஒரு கழகத்தில் பொருளாளராக இருந்தாராம். இன்னொருத்தியின் மச்சாள் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறாளாம். சொக்கலேற் வந்த வழியே திரும்பிப் போனது.

சிநேகிதி என்றால் கண்ணீர், பிஸ்டல் என்றால் நிம்மதி. என்ன நாடப்பா இது!

ஆனால் நான் கேட்ட கேள்விக்கு ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. வாங்க விடுவதா, வேண்டாமா? அன்றைக்கு மாலை ஏழு மணிக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

பழைய வாசகர்களுக்கு என் வீட்டுக்காரர் அமலனைத் தெரியும். இந்தப் பத்தியில் அடிக்கடி அடி வாங்குகிறவர். புதியவர்களுக்காக: மன்னார்க்காரர், ஐம்பத்தாறு வயது, இங்கே பிளாஸ்டிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக ஒரே மெஷின். உங்கள் வீட்டு ஜாம் போத்தலைத் திறக்க முடியவில்லை என்றால் தாராளமாக அவரைத் திட்டலாம்.

மூன்று வருடத்துக்கு முன் கூட வேலை செய்கிற ஒருவர் அவரைச் சூட்டுக் கழகத்துக்குக் கூட்டிப் போனார். இரண்டு வாரம்தான் தாங்கும் என்று நான் கணக்கு வைத்தேன். ஏனென்றால் எங்கள் பின்வளவுக் கொட்டிலில் ஒரு பட்மின்டன் மட்டை, ஒரு தூண்டில், ஒரு பாண் சுடுகிற மெஷின் எல்லாம் ஏற்கனவே ஓய்வெடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் மனுசன் நிற்கவில்லை. மழை, பனி, காய்ச்சல் எதுவானாலும் செவ்வாய் ஏழு மணிக்கு ஆள் கழகத்தில். கழகத்துத் துவக்கால் சுட்டு, கழகத்திலேயே வைத்துவிட்டு, கேக் வாசத்தோடு வீட்டுக்கு வருவார்.

இப்போது சொந்தமாக ஒன்று வேண்டுமாம். அதுவும் கண்ட கண்ட பிஸ்டல் இல்லை. 'நைன்டீன் இலெவன்' என்று ஒரு பழைய அமெரிக்க மொடல். பெயரே ஒரு வருடம்தான். சண்டைப் படங்களில் அதிகாரிமாரின் இடுப்பில் பார்த்திருப்பீர்கள். வயது நூறைத் தாண்டிவிட்டதால் இப்போது யார் வேண்டுமானாலும் அதைச் செய்து விற்கலாம். இடியப்பத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, எல்லாரும் அவிக்கிறோம், சிலருடையதை வாயில் வைக்க முடியாது... இதுவும் அப்படித்தான்.

அமலன் கண் வைத்திருந்தது ஓர் ஐரோப்பியத் தொழிற்சாலையின் தயாரிப்பில். பெயர் வேண்டாம். அவர்கள் அந்த நூறு வயதுப் பெரியவரின் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே சின்ன ரவை, அதாவது சின்னக் குண்டு, போடுகிற மாதிரி மாற்றியிருக்கிறார்கள். உதைப்பு இல்லை, சத்தம் குறைவு, ரவையும் மலிவு. பார்க்கப் பட்டாளம், சுட்டால் கடலை!

இதை வாங்கலாமா என்று அறிய மனுசன் செய்த ஆராய்ச்சி இருக்கிறதே... எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னால் இதில் காற்பங்கு செய்ய மாட்டார். இரண்டு மாதமாக இன்டர்நெட். ஒருவர் 'அருமை' என்கிறார், அடுத்தவர் 'குப்பை' என்கிறார், மூன்றாமவர் 'அருமையான குப்பை' என்கிறார்.

போதாக்குறைக்கு ரண்டர்ஸ் நகரத்திலிருந்து யோகன் அண்ணை. அமலனின் பழைய கூட்டாளி. அதே பிஸ்டலை அதே தொழிற்சாலையிலிருந்து ஐந்து மாதத்துக்கு முன் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தார். அமலன் வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், யோசிக்காதை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கு."

"கண்ணை மூடிக்கொண்டு சுடுறதுக்கோ அண்ணை?" என்று நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

"ஆர், றீற்றாவோ? தங்கச்சி, சாமான் எண்டா சாமான்தான். நான் இவ்வளவு நாளாய் வைச்சிருக்கிறன், ஒரு குறை சொல்ல ஏலாது."

அவர் எப்படிச் சொல்வார்? தான் வாங்கியதைக் குறை சொல்கிற தமிழனை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? நாலாம் மாதமே வழியில் நின்றுபோன தன் காரைப் பற்றியும் இதே யோகன் அண்ணை இதே குரலில்தான் சொன்னார்.

சரி, வாங்கட்டுமே, உனக்கு என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள்.

கலியாணம் பேசி வந்தபோது நான் அமலனிடம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வீட்டுக்குள் துவக்கு வரக் கூடாது. எல்லாரும் சிரித்தார்கள். டென்மார்க்கில் யார் பிள்ளை துவக்கு வைத்திருக்கப் போகிறார்கள் என்றார்கள். அமலன் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

எனக்கு அப்போது பதினாலு வயது. மன்னாரில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் துணியில் சுற்றிய ஒரு பொதியை அம்மாவிடம் கொடுத்து, மூன்று நாள் வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். மாட்டேன் என்று சொல்லக்கூடிய காலமா அது? அம்மா அதை அரிசிப் பானையின் அடியில் புதைத்தார். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஆமி வந்தது. அலுமாரி, பாய், கோழிக்கூடு எல்லாம் கிளறினார்கள். ஒருவன் அரிசிப் பானைக்குள் கையை விட்டான். முழங்கை வரைக்கும்தான் விட்டான். பிறகு கையை உதறிவிட்டுப் போய்விட்டான்.

இன்னும் ஒரு சாண் உள்ளே விட்டிருந்தால், இந்தப் பக்கத்தில் இன்றைக்கு நீங்கள் வேறு யாருடைய பத்தியையோ வாசித்துக்கொண்டிருப்பீர்கள். கொடுத்தவர் திரும்பி வரவே இல்லை. பொதிக்கு என்ன நடந்தது என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அரிசியைத்தான் நாங்கள் சமைத்துச் சாப்பிட்டோம். எனக்கு அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. இதில் அலங்காரமாகச் சொல்ல ஒன்றுமில்லை, பயம்தான்.

அமலன் அதை மறந்தவர் இல்லை. அதனால்தான் மூன்று வருடமாக ஒரு ரவையைக் கூட வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. போன ஞாயிறு, யோகன் அண்ணையின் போன் முடிந்த பிறகு, அடுப்படிக்கு வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"இஞ்சை றீற்றா, ஒண்டு கேக்கவேணும். கோவிக்கக் கூடாது."

"கேளுங்கோ. கோவிக்கிறதோ இல்லையோ எண்டு பிறகு பாப்பம்."

"எனக்கெண்டு ஒண்டு இருந்தால் நல்லம். கழகத்துத் துவக்கு ஆயிரம் பேற்றை கைக்குப் போறது. என்ரை புள்ளி குறைஞ்சுகொண்டு வருகுது. இப்பிடியே போனால் நான் நிண்டிடுவன்."

"நிண்டால் என்ன? பாண் மெஷின் காத்துக்கொண்டு கிடக்கு."

வழக்கமாகச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அங்கை ஒருத்தரும் என்னட்டை 'நீ எங்கையிருந்து வந்தனீ' எண்டு கேக்கிறேல்லை. 'எத்தினை புள்ளி எடுத்தனீ' எண்டுதான் கேக்கினம். இத்தினை வருசத்திலை இஞ்சை எனக்கு அப்பிடி ஒரு இடம் வாய்க்கேல்லை. அதை விட மனம் வருகுதில்லை. நீர் செவ்வாய்க்கிழமை ஒருக்கா வந்து பாரும். நீர் வேண்டாம் எண்டு சொன்னால் வேண்டாம். பிறகு நான் இந்தக் கதை எடுக்கமாட்டன்."

இப்படிச் சொல்கிற மனுசனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், வேலை சுகமாக முடிந்திருக்கும். ஓம் என்று வாயால் வரவில்லை. இல்லை என்றால் அவருடைய செவ்வாய்க்கிழமை போய்விடும்.

ஆனால் என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. பொருட்களில் குறை கண்டுபிடிப்பதில் நான் பட்டம் வாங்காத பேராசிரியை. பிரஷர் குக்கர் வாங்கப் போனால் விசிலைக் கழற்றி ஊதிப் பார்ப்பேன். என்னைக் கண்டால் சில கடைக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள். போய்ப் பார்ப்பது, ஒரு நல்ல குறையைக் கண்டுபிடிப்பது, 'சாமான் சரியில்லை' என்று சொல்லிவிடுவது. பயத்தையும் காட்ட வேண்டாம், பழியும் என்மேல் வராது!

கழகம் இருப்பது ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே, நிலவறையில். மேலே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், கீழே பெரியவர்கள் சுடுகிறார்கள். உள்ளே போனதும் முதலில் என்னை வரவேற்றது துவக்கு இல்லை, ஆப்பிள் கேக். துவக்குகளுக்குப் பொறுப்பானவர் பிரெபென், எழுபது வயதிருக்கும். கோப்பியை ஊற்றித் தந்துவிட்டு, கழகம் புதிதாக வாங்கியிருந்த அந்தப் பிஸ்டலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முதல் நாள்தான் வந்ததாம். அமலன் கூட இன்னும் சுட்டுப் பார்க்கவில்லை. பார்த்து, பிடித்தால் இதே மாதிரி ஒன்றுக்குச் சொல்லலாம்.

"நல்லதா?" என்று கேட்டேன்.

பிரெபென் வெகுநேரம் யோசித்தார். "இக்கெ ஸோ ரிங்ஙே" என்றார்.

அவ்வளவு மோசமில்லை! எங்கள் பக்கத்து டேனிஷ்காரரிடம், அதாவது யூட்லாந்துக்காரரிடம், அபிப்பிராயம் கேட்பதில் உள்ள கஷ்டம் இதுதான். கலியாணச் சாப்பாடு எப்படி? அவ்வளவு மோசமில்லை. பேரப்பிள்ளை பிறந்திருக்கிறதாமே? அவ்வளவு மோசமில்லை. இதைப் புகழ்ச்சியாக எடுப்பதா, எச்சரிக்கையாக எடுப்பதா?

நான் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவரைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னேன். மேல் பாகம் உருக்கா? இல்லை, பாரம் குறைந்த கலப்பு உலோகம். ஓரத்தில் கறுப்புப் பூச்சு இப்போதே மங்குகிறதே? ஓம், மங்குகிறது. குறிபார்க்கிற முனையைத் திருத்தலாமா? முடியாது. பிடியின் ஆணி ஆடுகிறதே? பிரெபென் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஆடத்தான் செய்தது.

"அப்படியென்றால் இது அசல் மாதிரி இல்லை" என்றேன் வெற்றியோடு.

"அசல் மாதிரித் தெரியும்" என்றார் பிரெபென்.

என்ன நேர்மையான மனிதர்! விற்கிற கடைக்காரனாக இருந்தால் இந்நேரம் மூன்று பொய் சொல்லியிருப்பான். அவர் என்னை மரியாதையோடு பார்த்து, கழகத்தின் நிர்வாகக் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, சேர விருப்பமா என்று கேட்டார். டேனிஷ்காரர் கண்ணில் கெட்டிக்காரத்தனமாகப் பட்டுவிட்டால் இதுதான் தண்டனை.

என்னிடம் இப்போது நாலு குறைகள். ஆனால் ஒன்றும் பெரிய குறை இல்லை. அமலன் அந்தப் பிஸ்டலைப் பார்த்த பார்வையில் நாலும் நிற்காது என்று தெரிந்தது. "சுட்டுக் காட்டுங்கோ பாப்பம்" என்றேன்.

காதுமூடி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு அமலன் கோட்டில் போய் நின்றார். கையை நீட்டினார். விசையை இழுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிரெபென் போய்ப் பார்த்தார். தடைப்பூட்டு திறந்துதான் இருந்தது. மறுபடி இழுத்தார். விசை அசையவே இல்லை. மூன்றாம் தரம் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். வெடித்தது. கடதாசிக்கு வெளியே மரச்சட்டத்தில் போய்ப் பட்டது.

அந்த மொடலில் ஒரு விசேஷம் இருக்கிறதாம். பிடியின் பின்பக்கம் ஒரு சின்னத் தகடு. உள்ளங்கை அதை முழுதாக அழுத்தினால்தான் விசை வேலை செய்யும். தவறிக் கீழே விழுந்தால் வெடிக்காமல் இருப்பதற்காக நூறு வருடத்துக்கு முன்னமே யோசித்து வைத்தது. "இறுக்கிப் பிடி, அமலன்" என்றார் பிரெபென். "இந்தத் தொழிற்சாலைக்காரர் தகட்டைத் தட்டையாக விட்டுவிட்டார்கள். வேறு சிலர் அதில் ஒரு மேடு வைப்பார்கள்."

இதோ, நான் தேடி வந்த ஐந்தாவது குறை! பெரிய குறை! ஆனால் நான் பிஸ்டலைப் பார்க்கவில்லை. அமலனின் கையைப் பார்த்தேன்.

வாசகர்களே, என் வேலையே கை பார்ப்பதுதான். பொத்தான் பூட்ட முடியாத கை, கரண்டி நழுவுகிற கை, கோப்பையை இரண்டு கையால் தூக்குகிற கை. பார்த்தவுடன் சொல்வேன். அமலனின் வலது பெருவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அந்த மணிக்கட்டில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஒப்பரேஷன் நடந்தது. சுகமாகிவிட்டது என்றார். நானும் நம்பினேன். அடுத்தவர் வீட்டுக் கிழவர்களின் கைகளை எட்டு மணித்தியாலம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள், சொந்தப் புருஷனின் கையைப் பார்க்கவில்லை.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் இதே பத்தியில் எழுதினேனே, ஞாபகமா? 'மூடி செய்கிறவருக்கு மூடி திறக்கத் தெரியாது' என்று. ஜாம் போத்தலை என்னிடம் நீட்டுகிறார், வாரம் ஒரு கோப்பை உடைக்கிறார், கேட்டால் வழுக்கிவிட்டது என்கிறார் என்று நக்கலடித்து ஒரு பக்கம். நீங்கள் எல்லாரும் சிரித்துச் சிரித்துக் கடிதம் போட்டீர்கள். அவரும் வாசித்துவிட்டுச் சிரித்தார். எப்படிச் சிரித்தாரோ!

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. காதுமூடியைச் சரிசெய்கிற சாட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அமலன் பிஸ்டலை மேசையில் வைத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "சாமான் சரியில்லை. விடுவம் றீற்றா. வாரும், போவம்."

நான் சொல்ல நினைத்து வந்த அதே வசனம்! அவர் வாயாலேயே வருகிறது. நான் 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் வீட்டுக்குள் துவக்கு வராது. நிபந்தனை நிபந்தனையாகவே இருக்கும். அடுத்த செவ்வாய் அவர் வீட்டில் ரீவிக்கு முன்னால் இருப்பார். அதற்கடுத்த செவ்வாயும் அங்கேதான் இருப்பார். அந்த ஓம் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்ல முடியவில்லை.

என் கைப்பையில் எப்போதும் ஒரு துணி பிளாஸ்டர் சுருள் கிடக்கும். இல்லத்தில் கை பலமில்லாதவர்களுக்குக் கரண்டிப் பிடியில் சுற்றிச் சுற்றித் தடிப்பாக்கிக் கொடுப்போம். பிடி தடித்தால் கை பிடித்துக்கொள்ளும். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

பிளாஸ்டரை எடுத்து பிரெபெனிடம் காட்டினேன். "அந்தத் தகட்டில் இதை மடித்து ஒட்டலாமா? மேடாக?"

அவர் பழையபடி வெகுநேரம் யோசித்தார். "தகட்டைக் கட்டிப்போட்டு வேலை செய்யாமல் பண்ணக் கூடாது. அது குற்றம். உயர்த்துவது வேறு விஷயம்." ரவைகளைக் கழற்றினார். உள்ளே வெறுமை என்று எனக்குக் காட்டினார். பிஸ்டலை என் கையில் தந்தார்.

ஐந்தாறு மடிப்பு மடித்து, கத்தரித்து, தகட்டில் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தினேன். அப்போதுதான் உறைத்தது... நான் துவக்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டில் ஒரு துவக்கோடு இரண்டு நாள் இருந்திருக்கிறேன்; தொட்டதில்லை. பிஸ்டலை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். பிரெபென் கண்டார். என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினார். யூட்லாந்துக்காரர் கேள்வி கேட்காமல் இருப்பதில் மகா கெட்டிக்காரர்.

அவர் பிஸ்டலை வாங்கி, பிடியைத் தளர்த்தித் தளர்த்திப் பரிசோதித்தார். கையை எடுத்தால் தகடு ஒழுங்காக வெளியே வந்தது. தலையாட்டி அமலனிடம் கொடுத்தார். அமலன் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் 'போங்கோ' என்றேன்.

ஐந்து தரம் சுட்டார். ஐந்து தரமும் வெடித்தது. ஒன்று ஒன்பதில், இரண்டு ஏழில், மற்ற இரண்டும் எங்கே என்று கேட்காதீர்கள். திரும்பிப் பார்த்த முகத்தில் பல் அத்தனையும் தெரிந்தது.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினோம்.

"எப்ப தொடக்கம்?" என்று நான்தான் கேட்டேன்.

"போன வருசம் தொடக்கம். முதல் விரல் விறைச்சது. பிறகு பிடி போச்சு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் டொக்டரிட்டைப் போகச் சொல்லுவீர். டொக்டர் கடிதம் குடுத்தால் மெஷினிலையிருந்து எடுத்துப்போடுவாங்கள். பிறகு..." கியரை மாற்றினார். "பிறகு நீர் பத்தியிலை எழுதுவீர்."

எனக்குச் சுருக்கென்றது. "எழுதுவன்தான்" என்றேன்.

இதை எழுதுவதற்கு அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். முதலாளிக்குத் தமிழ் தெரியாது என்கிற தைரியத்தில் தந்தார். ஒரே ஒரு நிபந்தனை: அந்த ஒன்பதைக் கட்டாயம் போட வேண்டும். போட்டுவிட்டேன்.

"அப்ப ஓமோ, இல்லையோ?" என்றார், வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு.

"ஓம். ஆனா முதல் டொக்டர். பிறகு பொலிஸ் அனுமதி. பிறகுதான் துவக்கு. இரும்பு அலுமாரி படுக்கையறையிலை இல்லை, கீழை வோஷிங் மெஷினுக்குப் பக்கத்திலை. சாவியை எங்கை வைக்கிறீங்கள் எண்டு எனக்குச் சொல்லவே வேண்டாம்."

"பயமில்லையோ உமக்கு?"

"பயம்தான். அதுக்கு இப்ப என்ன?"

அவர் கையை நீட்டி என் கையைப் பிடித்தார். வலது கையால்தான். பிடி இறுகவில்லை. நான் இறுக்கிக்கொண்டேன்.

சரி, அந்தப் பிஸ்டல் வாங்கத் தகுமா என்று யாராவது உண்மையாகவே அறிய விரும்பினால் என் தீர்ப்பு இதுதான். உலோகம் சுமார், பூச்சு மங்கும், ஆணி ஆடும், தகடு தட்டை, ஆனால் ஒழுங்காகப் பிடித்தால் ஒழுங்காகச் சுடும். பிரெபென் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கும் ஒன்றுமில்லை. ஒரு பொருளை வாங்குமுன் நாலு பேரிடம் விசாரிக்கிறோம், நாற்பது அபிப்பிராயம் வாசிக்கிறோம், யோகன் அண்ணைக்குப் போன் எடுக்கிறோம். அதைப் பிடிக்கப் போகிற கை எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. நான் பிஸ்டலை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் புதன்கிழமை, காலை எட்டு மணிக்கே டொக்டரின் கந்தோருக்கு நானே போன் எடுத்தேன். அங்கே சாதாரணமாக இரண்டு கிழமை கழித்துத்தான் நேரம் தருவார்கள். போன் எடுத்த பெண் என்ன பிரச்சினை என்று கேட்டாள். நான் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக விளங்கப்படுத்தினேன். "என் கணவரால் பிஸ்டலின் விசையை இழுக்க முடியவில்லை. வீட்டுக்கு ஒன்று வாங்கப் போகிறோம். அதற்குள் அவருடைய கையைச் சரிசெய்து தர வேண்டும்."

பத்து நிமிடத்தில் நேரம் கிடைத்துவிட்டது — அவருக்கு இல்லை, எனக்கு. புருஷனுக்குச் சொல்லாமல் தனியாக வர வேண்டுமாம்.